பெரிய அளவு மாடல் ரயிலுக்குக் குறைந்த செலவில் ஒலி டிகோடர்: எதைப் பார்த்து வாங்குவது?

ஜி அளவு எஞ்சின் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் அது பத்துப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வளைவில் திரும்பும் காட்சி கம்பீரமானது. ஆனால் கூடவே கேட்பது மோட்டாரும் பற்சக்கரங்களும் உரசும் சத்தம் மட்டும்தான் என்றால், கண்ணுக்குக் கிடைத்தது காதுக்குக் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் எஞ்சினுக்குள் பொருத்தும் சிறு மின்னணுப் பலகையான ஒலி டிகோடர். நீராவி எஞ்சினின் மூச்சு, டீசல் எஞ்சினின் உறுமல், மணி, ஊதல், பிரேக்கின் கிறீச்சொலி எல்லாம் எஞ்சினுக்குள்ளிருந்தே வரும். வேகம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும்.

விலையைப் பார்த்ததும்தான் தயக்கம் வருகிறது. பெரிய அளவு ரயில்களுக்கென்றே செய்யப்பட்ட ஒலி டிகோடர்கள், எச்ஓ போன்ற சிறிய ரயில்களுக்கானவற்றைவிட நன்றாகவே விலை கூடியவை. அப்படியானால் சிறியதையே வாங்கிப் பெரிய எஞ்சினில் பொருத்தினால் என்ன? புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. சில எஞ்சின்களில் தாராளமாகப் பொருத்தலாம். சிலவற்றில் பொருத்தினால் முதல் ஏற்றத்திலேயே கருகிவிடும். உங்கள் எஞ்சின் எந்த ரகம் என்பதை வீட்டிலேயே அளந்து தெரிந்துகொள்ளலாம். அளந்து முடிக்கும்வரை விலைப்பட்டியலைத் திறக்க வேண்டாம் என்பதே என் கட்சி.

டிகோடருக்குள் என்ன நடக்கிறது?

டிசிசி எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையிலான நேரத்தில்தான் செய்தி அடங்கியிருக்கிறது. அந்த இடைவெளி 58 மைக்ரோவினாடி நீடித்தால் அது 1; 100 மைக்ரோவினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் 0. இந்த வரிசையைப் படித்து, '3ஆம் எண் எஞ்சினே, பாதி வேகத்தில் முன்னே போ, ஊதலை ஒலி' என்று புரிந்துகொள்வது டிகோடரின் வேலை. தன் எண்ணுக்கு வராத செய்திகளை அது கண்டுகொள்ளாது. ஒரே தண்டவாளத்தில் நான்கு எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்ட முடிவது இதனால்தான்.

ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990களில் இதைப் பொதுத் தரமாக்கியது. ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவியும் இன்னொரு நிறுவனத்தின் டிகோடரும் சேர்ந்து வேலை செய்வது அந்தத் தரத்தின் பயன். செலவைக் குறைக்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. கருவி வாங்கிய இடத்திலேயே டிகோடரும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒலி டிகோடர் என்பது ஒரே பலகையில் மூன்று சாதனங்கள். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி ஒன்று. விளக்கு, புகைக்கருவி ஆகியவற்றை இயக்கும் பகுதி இன்னொன்று. பதிவு செய்த ஒலிகளைச் சேமித்து வைத்திருக்கும் நினைவகமும் அவற்றைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயரும் மூன்றாவது. பெரிய அளவு டிகோடருக்கு விலை கூடுவது பெரும்பாலும் முதல் இரண்டால்தான். நினைவகத்தில் இருக்கும் ஒலி பல நிறுவனங்களில் சிறியதிலும் பெரியதிலும் ஒரே தரமானது. ஆகவே 'விலை கூடினால் ஒலியும் கூடும்' என்று எண்ணிக்கொண்டு வாங்கத் தேவையில்லை.

முதலில் ஆம்பியர்

எச்ஓ அளவு டிகோடர்கள் பொதுவாக 1 முதல் 1.5 ஆம்பியர்வரை தொடர்ந்து தாங்கும். எச்ஓவுக்கும் ஜிக்கும் இடைப்பட்டது ஓ அளவு; ஒற்றை மோட்டார் கொண்ட புதிய ஓ அளவு எஞ்சின்களில் சில அதற்குள் அடங்கிவிடும். இரண்டு மோட்டார்கள் உள்ள ஜி அளவு டீசல் எஞ்சின், புகைக்கருவியும் இழை விளக்குகளும் சேர்ந்தால், 3 ஆம்பியரைத் தாண்டுவது உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். மோட்டார் பழசாகியிருக்கலாம், பற்சக்கரத்தில் பழைய கிரீஸ் கட்டியாகியிருக்கலாம். எஞ்சினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பிறகு அளக்கவும்.

தேவை ஒரு நேர்மின் சப்ளையும் ஒரு மல்டிமீட்டரும். டிகோடர் ஏதும் பொருத்தப்படாத, சாதாரண நேர்மின்சாரத்தில் ஓடும் எஞ்சினாக இருக்க வேண்டும். சப்ளை 5 ஆம்பியராவது கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும். பலவீனமான சப்ளை என்றால் சுமை ஏறியதும் வோல்ட் சரிந்து, மீட்டர் பொய்யான குறைந்த எண்ணைக் காட்டும். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிச் செருகி, சப்ளைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் தொடராக இணையுங்கள். எந்த வோல்ட்டில் ஓட்டப் போகிறீர்களோ அதையே வையுங்கள். பெரிய அளவு ரயில்களில் அது பெரும்பாலும் 18 முதல் 22 வோல்ட்.

எஞ்சின் தனியாக ஓடும்போது ஓர் எண் வரும். அதைக் குறித்துக்கொண்டு, பெட்டிகளோடு ஓடவிட்டுப் பாருங்கள், எண் ஏறும். பிறகு எஞ்சினின் இணைப்புக் கொக்கியைப் பிடித்து நகரவிடாமல் நிறுத்துங்கள். சக்கரங்கள் தண்டவாளத்தில் வழுக்கிச் சுழல ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் மீட்டர் காட்டுவதுதான் உங்களுக்கு வேண்டிய எண். கனமான எஞ்சினில் சக்கரம் வழுக்காமல் மோட்டாரே நின்றுபோகும். அப்படி நின்றால் ஒரு நொடிக்குள் சப்ளையை அணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பற்சக்கரங்களும் மோட்டாரின் சுருள்களும் அதைப் பொறுத்துக்கொள்ளாது.

கிடைத்த எண்ணோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் 1.6 காட்டினால் 2 ஆம்பியர் டிகோடர் போதும். 2.8 காட்டினால் 4 ஆம்பியர் ரகத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். தயாரிப்பாளரின் தாளில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று தொடர்ந்து தாங்குவது, மற்றது ஓரிரு நொடி மட்டும் தாங்கும் உச்சம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது சில நேரம் இரண்டாவது எண்ணாக இருக்கும். நீங்கள் ஒப்பிட வேண்டியது முதலாவதை.

எல்லைக்கு மிக அருகில் ஓடும் டிகோடர் உடனே எரிய வேண்டும் என்றில்லை. நல்ல தயாரிப்புகளில் வெப்பப் பாதுகாப்பு இருக்கும். எஞ்சின் கால் மணி நேரம் ஓடி, ஏற்றத்தில் சட்டென நின்று, இரண்டு நிமிடம் கழித்துத் தானாகக் கிளம்பினால், பழுது தண்டவாளத்தில் இல்லை. டிகோடர் சூடு தாங்காமல் ஓய்வெடுத்திருக்கிறது. வெயிலில் ஓடும் தோட்ட ரயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். டிகோடரை ஸ்பாஞ்சு, டேப் ஆகியவற்றால் சுற்றாமல் காற்றுப் படும்படி வைப்பது காசு செலவில்லாத பாதுகாப்பு.

வோல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிகோடர் தாங்கும் உச்ச வோல்ட், உங்கள் தண்டவாள வோல்ட்டைவிடச் சில வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். பல கட்டுப்பாட்டுக் கருவிகளில் தண்டவாள வோல்ட்டைக் குறைத்து வைக்க வழி உண்டு. வீட்டுக்குள் மெதுவாக ஓட்டுபவர் 16 வோல்ட்டில் வைத்தாலே போதும். ஆம்பியரும் சற்றுக் குறையும், நடுத்தர டிகோடருக்கு வாய்ப்பும் திறக்கும்.

புகைக்கருவி ஒரு தனி எச்சரிக்கைக்கு உரியது. அதிலுள்ள சூடாகும் கம்பி, விளக்கைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மேலும் சில எஞ்சின்களில் விளக்கும் புகைக்கருவியும் 5 வோல்ட்டுக்கானவை. அவற்றை முழு வோல்ட் தரும் டிகோடர் முனையில் நேராக இணைத்தால் போய்விடும். இழை விளக்குகளைத் தகுந்த மின்தடையுடன் எல்இடியாக மாற்றிவிட்டு, புகையை விட்டுக்கொடுத்தால் சிறிய டிகோடரே போதுமென்று ஆகிவிடும் எஞ்சின்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஒலிக்காகப் புகையை விடலாம்.

காசைப் போட வேண்டிய இடம் ஸ்பீக்கர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்குமானால் அது இதுவாக இருக்கட்டும். பெரிய எஞ்சினுக்குச் சிறிய ரயிலுக்கு இல்லாத ஒரு பாக்கியம் இருக்கிறது: இடம். எச்ஓ எஞ்சினில் விரல் நகம் அளவு ஸ்பீக்கரைத் திணிக்கப் பாடுபடுகிறார்கள். ஜி அளவு நீராவி எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் ஏற்றி வரும் டெண்டரிலோ டீசல் எஞ்சினின் உடற்கூட்டிலோ 50 முதல் 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்பீக்கர் சாதாரணமாக உட்காரும். டீசல் எஞ்சினின் அடித்தொனி அப்போதுதான் கேட்கும். சிறிய ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்பவே இயலாது. எவ்வளவு விலை உயர்ந்த டிகோடரைப் பின்னால் வைத்தாலும் கொசு ரீங்காரம்தான் வரும்.

ஆம்ப்ளிஃபயரின் வாட் எண்ணைப் பார்த்து மயங்குவதும் வேண்டாம். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. அது காதுக்குக் கொஞ்சம் கூடியதாகத் தெரியும், அவ்வளவுதான். ஸ்பீக்கர்களுக்கு உணர்திறன் என்று ஓர் எண் உண்டு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பது. 84 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 90 டெசிபல் ஸ்பீக்கரைப் பொருத்தினால், ஆம்ப்ளிஃபயரை நான்கு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையிலான விலை வித்தியாசம், இரண்டு டிகோடர்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் பக்கத்தில்கூட வராது.

ஸ்பீக்கரை வெறுமனே தொங்கவிடக் கூடாது. அதன் கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் ஒன்றோடொன்று சேர்ந்து அழித்துக்கொள்ளும். இதைக் கண்ணாரக் காணலாம், காதாரக் கேட்கலாம். ஸ்பீக்கரை மேசையில் வைத்து எஞ்சின் ஒலியை ஓடவிடுங்கள். மெல்லிய சத்தம் வரும். அதே ஸ்பீக்கரை ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவின் திறந்த வாயில் இடைவெளியில்லாமல் அழுத்திப் பிடியுங்கள். ஒலி தடித்து, கீழிறங்கி, அறையை நிரப்பும். டெண்டரின் உட்புறத்தையே அந்த டப்பாவாக்கலாம். ஓரங்களைச் சிலிக்கான் பசையால் அடைத்து, ஸ்பீக்கரைக் கீழ்நோக்கி வைத்து, அடித்தட்டில் துளைகள் போட்டால் போதும். வெளியில் ஓடும் ரயிலுக்குக் காகிதக் கூம்பு வேண்டாம், ஈரத்தில் நைந்துவிடும். பிளாஸ்டிக் கூம்பு நிலைக்கும்.

ஓம் எண்ணில் மட்டும் கவனம் தேவை. டிகோடர் குறைந்தபட்சம் 8 ஓம் என்று சொன்னால் 4 ஓம் ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயர் சூடாகிக் கெடும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைத் தொடராக இணைத்தால் 8 ஓம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பாகக் கொடுத்தால் 4 ஓம்.

நீராவியா, டீசலா?

டீசல் எஞ்சினின் ஒலிக்குச் சக்கரத்தோடு நேர்த் தொடர்பு இல்லை. நின்றுகொண்டே உறுமும், மெதுவாக நகரும்போது முழங்கும். ஆகவே எளிய ஒலி டிகோடரும் அதை நம்பும்படி செய்துவிடும். நீராவி எஞ்சின் அப்படி இல்லை. சாதாரண இரண்டு சிலிண்டர் எஞ்சினில் இயக்கு சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு மூச்சு கேட்க வேண்டும். பெரிய அளவு ரயிலில் சக்கரமும் அதன் இணைப்புத் தண்டும் கண்ணுக்கு நேரே தெரிவதால், மூச்சு பிசகினால் உடனே தெரிந்துவிடும்.

பல டிகோடர்கள் மோட்டாரிலிருந்து திரும்பி வரும் மின்னழுத்தத்தை வைத்து வேகத்தைக் கணித்து மூச்சை எழுப்புகின்றன. பொறுமையாகச் சரிசெய்தால் நடுத்தர வேகத்தில் ஒத்துப்போகும். மிக மெதுவாக ஓடும்போது விலகும். துல்லியம் வேண்டுமானால் அச்சில் நான்கு சிறு காந்தங்களை ஒட்டி, பக்கத்தில் ஒரு காந்த உணரியை வைக்க வேண்டும். அதன் வயரை ஏற்க டிகோடரில் உள்ளீட்டு முனை ஒன்று இருக்க வேண்டும். நீராவி எஞ்சின் வைத்திருப்பவர் தாளில் இதைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்கவும். டீசல் வைத்திருப்பவர் இதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

செலவு குறையும் சில வழிகள்

எஞ்சினில் ஏற்கெனவே ஒலியில்லாத நல்ல டிகோடர் இருந்தால் அதைக் கழற்றத் தேவையில்லை. ஒலியை மட்டும் தரும் பலகைகள் கிடைக்கின்றன. பழைய டிகோடரில் சூசி என்ற நான்கு வயர் இணைப்பு இருந்தால் ஒலிப் பலகையை அதிலேயே செருகிவிடலாம். இல்லாவிட்டால் தனி ஒலி டிகோடரைத் தண்டவாள வயர்களில் இணைத்து, இரண்டுக்கும் ஒரே எண் கொடுக்கலாம். மோட்டார் சுமை முழுவதும் பழைய டிகோடரிடம் இருப்பதால், ஒலிக்குச் சிறிய எச்ஓ ரகமே போதும். தண்டவாள வோல்ட்டை அது தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதையே ஒரு படி மேலே கொண்டுபோனால் ஒலிப் பெட்டி. எஞ்சினுக்கு அடுத்து ஓடும் சரக்குப் பெட்டியில் உலோகச் சக்கரம் பொருத்தி, மின்சாரம் எடுத்து, டிகோடரையும் பெரிய ஸ்பீக்கரையும் அதற்குள் வைத்துவிடுவது. எண்ணை மாற்றினால் இன்று ஒரு டீசல் எஞ்சினுக்கும் நாளை இன்னொன்றுக்கும் அதே பெட்டி குரல் கொடுக்கும். நான்கு எஞ்சினுக்கு நான்கு டிகோடர் வாங்க முடியாதவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். இரண்டு விஷயங்களை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். நீராவி மூச்சு இந்த முறையில் சக்கரத்தோடு ஒத்துப்போகாது. அடுத்து, டிகோடர்கள் 'படித்துவிட்டேன்' என்று பதில் சொல்வது மோட்டாருக்கு ஒரு சிறு துடிப்பு அனுப்பித்தான். மோட்டார் இல்லாத பெட்டியில் அமைப்பு எண்களை (டிகோடரின் அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் எண்ணிட்ட இடங்களை) திரும்பப் படிக்க, மோட்டார் வயர்களுக்கு இடையில் ஒரு சிறு விளக்கை இணைக்க வேண்டியிருக்கும்.

இரண்டு மூன்று எஞ்சின்கள் சேர்ந்து இழுக்கும் ரயிலில் எல்லாவற்றிலும் ஒலி வைக்க அவசியமே இல்லை. ஒன்றில் நன்றாக வையுங்கள்.

டிசிசி கருவி எதுவுமே இன்னும் வாங்காதவருக்கு வேறு கணக்கு. சவுண்ட்டிராக்ஸ் நிறுவனத்தின் புளூநாமி வகை டிகோடரை புளூடூத் வழியாகக் கைப்பேசியிலிருந்தே ஓட்டலாம். தண்டவாளத்தில் நிலையான மின்சாரமோ எஞ்சினுக்குள் பேட்டரியோ இருந்தால் போதும். டிகோடரின் விலை கூடுதல்தான். கட்டுப்பாட்டுக் கருவிக்கான செலவு மிச்சம். ஒன்றிரண்டு எஞ்சின்களோடு நிறுத்திக்கொள்பவருக்கு மொத்தச் செலவு குறையும்.

நிறுவனங்களும் அவற்றின் போக்கும்

அமெரிக்காவின் சவுண்ட்டிராக்ஸ் தன் சுனாமி-2 வரிசையில் சிறியவற்றோடு 2 ஆம்பியர், 4 ஆம்பியர் அளவுகளும் வைத்திருக்கிறது. நீராவி, டீசல், மின்சாரம் எனத் தனித்தனி வகைகள். ஒவ்வொன்றிலும் பல ஊதல்களும் மணிகளும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். அமைப்பு எண்ணை மாற்றிப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம், வேறு சாதனம் வேண்டாம். 4 ஆம்பியர் அளவுக்குள் அடங்கும் ஒரே ஒரு எஞ்சினோடு தொடங்குபவருக்கு நான் சொல்வது இந்த வழியை.

ஜெர்மனியின் இஎஸ்யூ நிறுவனத்தில் லோக்சவுண்ட் 5 எல் என்பது ஓ அளவுக்கு, எக்ஸ்எல் என்பது ஜி அளவுக்கு. வியன்னாவின் ஜிமோ, ஜெர்மனியின் மாசோத் இரண்டும் பெரிய அளவு டிகோடர்களில் நெடுநாள் பேர் பெற்றவை. இஎஸ்யூவிலும் ஜிமோவிலும் முழு ஒலித் தொகுப்பையே மாற்றலாம். பல தொகுப்புகளை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். குறிப்பிட்ட நாட்டின் குறிப்பிட்ட எஞ்சினின் அசல் குரல் வேண்டுபவருக்கு இது பெரும் வசதி. ஆனால் தொகுப்பை ஏற்ற அந்த நிறுவனத்தின் தனிச் சாதனம் வேண்டும். ஒரே எஞ்சினுக்காக அதை வாங்குவது வீண். ஐந்தாறு எஞ்சின் உள்ளவருக்கும், நண்பர்களோடு பகிர்ந்துகொள்பவருக்கும் கட்டுபடியாகும். ஒலியை ஏற்றியே விற்கும் கடைகளும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

பழைய சரக்கு வாங்குவதில் தவறில்லை. வாங்கும் முன் 8ஆம் அமைப்பு எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே தயாரிப்பாளரின் அடையாள எண் இருக்கும்: இஎஸ்யூ என்றால் 151, ஜிமோ 145, சவுண்ட்டிராக்ஸ் 141, மாசோத் 123. சொன்ன பெயரும் வந்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் விட்டுவிடுங்கள். மோட்டாரை இருபுறமும் ஓட்டி, விளக்கு முனைகளை எரியவிட்டு, ஒலியையும் கேட்டபிறகே பணம் கொடுங்கள்.

பொருத்தும் நாள்

எரிந்துபோகும் டிகோடரைப்போல விலை உயர்ந்த டிகோடர் வேறில்லை. எரிவதற்கு முக்கியக் காரணம், மோட்டாரின் முனைகளில் ஏதாவது ஒன்று இன்னும் தண்டவாளத்தோடு தொடர்பில் இருப்பது. டிகோடரை இணைக்கும் முன், மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். எங்கேயும் தொடர்பு காட்டக் கூடாது. வயர்களின் நிறம் பெரும்பாலும் பொதுத் தரப்படி இருக்கும்: சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்கான பொது நேர்முனை. ஸ்பீக்கர் வயருக்கு மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும், தாளைப் பார்க்கவும்.

அழுக்கான தண்டவாளத்தில் நொடிப்பொழுது மின்சாரம் விட்டுப்போனால்கூட ஒலி அறுந்து, எஞ்சின் மறுபடி முதலிலிருந்து கிளம்பும் ஓசை எழும். எரிச்சலூட்டும் விஷயம். இதற்கு, அந்த நொடிக்கு மின்சாரம் சேமித்து வைத்துத் தரும் மின்தேக்கிப் பொதி வாங்கச் சொல்வார்கள். அதற்கு முன் டெண்டரின் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்க வயர் போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். மின்தேக்கி வைப்பதானால் அது தாங்கும் வோல்ட்டைப் பாருங்கள். 20 வோல்ட் தண்டவாளத்தில் 16 வோல்ட் மின்தேக்கி வெடிக்கும். 35 வோல்ட் ரகம் வாங்குங்கள்.

முதல் மின்சாரத்தை ஓடும் தண்டவாளத்தில் கொடுக்காதீர்கள். டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் கட்டுப்பாட்டுக் கருவியில் தனியாக உள்ள நிரலிடும் தண்டவாள முனை, மிகக் குறைந்த மின்சாரத்தையே விடும்; வயரில் பிழை இருந்தாலும் டிகோடர் தப்பிக்கும். அங்கே எஞ்சினை நிறுத்தி, எஞ்சினின் எண் இருக்கும் முதல் அமைப்பு எண்ணைப் படியுங்கள். புது டிகோடர் என்றால் 3 என்று வரும். அந்த 3 வந்தால் மோட்டார், தண்டவாள வயர்கள் சரி என்று பொருள். எஞ்சினை முதன்மைத் தண்டவாளத்துக்குக் கொண்டுபோய், மொத்த ஒலி அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். லோக்சவுண்ட் 5இல் ஒலி அளவு 63ஆம் அமைப்பு எண்ணில் இருக்கிறது, சுனாமி-2இல் 128இல், ஜிமோவில் 266இல். எதுவும் படிக்க முடியவில்லை என்றால் பதறாமல் மின்தேக்கிப் பொதியைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். நிரலிடும் முனை தரும் சிறிதளவு மின்சாரத்தையும் அதுவே உறிஞ்சிக்கொண்டிருக்கக்கூடும்.